காப்பர் பூசிய கை

இத்தனை வருஷம் ஆகியும், லுணுகலை டவுனுக்குச் சீனி வாங்கப் போனால்கூட யாராவது ஒருவர் எதிரே வந்து, கை கொடுக்கப் போகிறவர் மாதிரி நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டு, "இப்ப எப்படி இருக்கு கங்காணி? என்னாதான் வந்துச்சு ஒங்களுக்கு?" என்று கேட்கிறார்கள். முதலில் விளக்கமாகச் சொன்னேன். பிறகு சுருக்கமாகச் சொன்னேன். இப்போது கேட்டாலே கோபம் வருகிறது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் பாதிப் பொய்தான். நாலு வரி எழுதினால் எழுந்து வாசல்வரை போய்வருவேன். எனக்கு ஓரிடத்தில் இருப்பு கொள்ளாது. ஆஸ்பத்திரியில் நான் பட்ட பாட்டில் பாதி அந்தக் குணத்தால் வந்தது.

கொப்புளம் எனக்குப் புதிதல்ல. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்த முதல் வாரத்தில் உள்ளங்கையில் வரும் கொப்புளம் தெரியும். அதைக் குத்தக் கூடாது, தானாக அமுங்கித் தோல் காய்க்கும். புது சப்பாத்து கடித்துக் குதிகாலில் வருவது தெரியும். பால் பொங்கிக் கையில் கொட்டி வருவது தெரியும். வெயிலில் கதவுப் பெயின்ட் உப்பிக்கொண்டு நிற்கும், விரலால் குத்தினால் பொருக்குப் பொருக்காக உதிரும், அதையும் நாங்கள் கொப்புளம் என்றுதான் சொல்வோம். எல்லாவற்றுக்கும் மேலே, தேயிலைக் கொப்புளம். அதுதான் எனக்குச் சோறு போட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மழையும் பனியும் விடாமல் நிற்கிற மாதங்களில் இளங்கொழுந்தில் எண்ணெய்ப் பொட்டு மாதிரி ஒரு புள்ளி விழும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளையாக உப்பியிருக்கும். பிறகு கருகி ஓட்டையாகிவிடும். ஒரு செடியில் வந்தால் காற்று அதை மலை முழுக்கக் கொண்டுபோய்விடும். அதற்குத்தான் காப்பர் மருந்து. பச்சையும் நீலமும் கலந்த ஒரு தூள். தண்ணீரில் கரைத்து, டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு அடிப்போம். எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆட்களுக்கு நான்தான் கங்காணி. நான் மருந்தடித்த மலையில் கொப்புளம் நின்றதில்லை என்று தோட்டத்து மனேஜர் துரையே சொல்லியிருக்கிறார். அந்தத் தலைக்கனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு கார்த்திகை மழையில், முதலில் வாய் புண்ணானது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடிவிட்டது என்று நினைத்தேன். வெற்றிலையை விட்டேன், ஆறவில்லை. உறைப்பு சாப்பிட முடியவில்லை. என் மனைவி செல்லம்மா எனக்கென்று காரமில்லாமல் ஒரு குழம்பு தனியாக வைத்தாள். அப்போது எங்களுக்கு வாய்ப்புண்ணைப் பார்க்க நேரமில்லை. மூத்த மகள் சாந்திக்குத் தை மாதம் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை ரவி, வெலிமடைப் பக்கத்துப் பையன். உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றுகிற லொறியில் போய்வருகிறவன். அதிகம் பேசமாட்டான். அதனாலேயே எனக்குப் பிடித்திருந்தது.

மார்கழி பிறந்ததும் நெஞ்சில் ஒரு கொப்புளம் வந்தது. தொளதொளவென்று தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றது. சட்டை பட்டதும் உடைந்தது. ஆறுமுன் பக்கத்தில் இரண்டு. பிறகு தோள், முழங்கை, கையின் புறப்பக்கம். தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளையாக ஒரு மருந்துத் தண்ணீர் கொடுத்து, பூசிவிட்டு இரண்டு நாள் பார், குறையாவிட்டால் பதுளைக்குப் போ என்றார்கள். பதுளைக்கா? கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பதா?

எனக்குக் கை இருந்தது, மருந்து இருந்தது. மலையில் நிற்கிற கொப்புளத்தை நிறுத்துகிறவன் என் கையில் நிற்கிற கொப்புளத்தை நிறுத்தமாட்டேனா? ஸ்டோரிலிருந்து ஒரு பிடி காப்பர் தூளைப் பேப்பரில் மடித்துக் கொண்டுவந்து தேங்காய் எண்ணெயில் குழைத்தேன்.

"கொழுந்துக்கு அடிக்கிறத மனுசன் மேல பூசுவாங்களா?" என்றாள் செல்லம்மா.

"கொழுந்த விடவா என் தோலு மெல்லிசு?"

"என்னமோ பண்ணுங்க. நான் சொன்னா கேக்கவா போறீங்க?"

இரண்டு கையிலும் முழங்கைவரை பூசினேன். முதலில் குளுகுளுவென்றுதான் இருந்தது. அப்புறம் பிடித்தது பாருங்கள். அடுப்புக்குள் கையை விட்ட மாதிரி. நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் இருக்கும் பீலிக்கு ஓடி, கொட்டுகிற தண்ணீரில் கையை நீட்டினேன். மலையிலிருந்து வருகிற ஐஸ் தண்ணீர் அது. அதுவும் எரிந்தது. தண்ணீரோடு சேர்ந்து தோலும் வழிந்துபோனதைப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த பயம், தண்ணீரைக் கண்டாலே கையை இழுத்துக்கொள்வேன்.

பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற பொம்பிளைகள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பச்சையும் நீலமுமாக இரண்டு கை, அதில் தொங்குகிற தோல். மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரிக்கிற நேரத்தில், ஒருத்தி வாயைத் திறந்தாளாம்: "தேயிலைக் கொப்புளம் கங்காணிக்குத் தொத்திருச்சு." அவ்வளவுதான். நான் மருந்தடித்த ஆறாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்க ஏலாது என்று பொம்பிளைகள் கூடையை இறக்கிவிட்டார்கள். கணக்கப்பிள்ளை கத்தினார், கும்பிட்டார், ஒன்றும் நடக்கவில்லை. துரை வெறும் லொறியொன்றைக் கொடுத்து, முதலில் இந்த ஆளைப் பதுளைக்கு அனுப்புங்கள் என்றார். வழியில் செக்பொயின்டில் ஏறிப் பார்த்த ஆமிக்காரன் என் கையைப் பார்த்ததும் அடையாள அட்டைகூடக் கேட்காமல் இறங்கிவிட்டான். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் எங்களுக்கு அப்படி ஒரு சலுகை கிடைத்ததே பெரிது.

வார்டில் ஒரு பெண் டொக்டர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் தங்கச்சி வயதுதான் இருக்கும்.

"கையிலை என்னத்தைப் பூசினனீங்கள்?"

சொன்னேன். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, இரண்டு தடவை அடித்தால் மலையிலேயே நின்றுவிடும் என்று விளக்கமும் கொடுத்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "தேயிலைக்கு வாறது பூஞ்சணம். உங்களுக்கு வந்தது என்னெண்டு இனித்தான் பாக்கவேணும்" என்றார். மருந்து சுட்ட புண் என்று முதலில் வைத்தியம் நடந்தது. கை கொஞ்சம் அடங்கியது. ஆனால் முதுகில் புதுசாகக் கிளம்பியது. முதுகில் நான் காப்பர் பூசவில்லையே.

அன்றைக்கு டொக்டர் நல்ல தோலாக இருந்த இடத்தில் பெருவிரலை வைத்து, அழுத்தி, ஒரு பக்கமாகத் தேய்த்தார். சும்மா தேய்த்ததற்கே தோல் கழன்று வந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"வாயைத் திறவுங்கோ."

"அது வெத்தில சுண்ணாம்பும்மா."

"ஆர் சொன்னது? திறவுங்கோ."

வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்தவர், இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டார். கேட்டால்தானே சொல்வதற்கு என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு கொப்புளத்தின் ஓரத்தில் மரக்க ஊசி போட்டு, மிளகளவு தோலை வெட்டியெடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை இருக்கச் சொன்னார்கள்.

இருக்கிறதா? எங்கே இருப்பது? மல்லாந்து படுத்தால் முதுகு விரிப்பில் ஒட்டியது. ஒருக்களித்தால் தோள் ஒட்டியது. உட்கார்ந்தால் தொடை. நின்றால் கால் வீங்கியது. அதனால் நடந்தேன். வார்டின் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு, மறுபடியும் இந்தக் கதவுக்கு. தாதிமாரை நாங்கள் மிஸ்ஸி என்போம். அந்த மிஸ்ஸிமார் என்னைக் கண்டாலே தலையில் கை வைத்தார்கள். "ஒயா, நீங்க என்ன, பஸ்ஸா? ஓடிக்கிட்டே இருக்கிறது?" என்று ஒரு சிங்கள மிஸ்ஸி தனக்குத் தெரிந்த தமிழில் திட்டினாள். டிக்கட் எடுக்காமல் ஏறாதீங்க மிஸ்ஸி என்றேன். சிரித்துவிட்டாள்.

காலையில் செல்லம்மா வந்து, மிஸ்ஸி சொல்லிக்கொடுத்தபடி, மருந்து கலந்த தண்ணீரை என் கைமேல் மெதுவாக ஊற்றிக் கழுவுவாள். நான் பல்லைக் கடிப்பேன்.

"எரியுதா?" என்பாள்.

"எரியாம, பின்ன குளிரவா செய்யும்?"

ஒருநாள்கூட அவள் அந்தக் கேள்வியை விடவில்லை. ஒருநாள்கூட நானும் அந்தப் பதிலை மாற்றவில்லை. வீட்டில் அடுப்பு, கொழுந்துக் கூடை, கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளை, எல்லாவற்றையும் போட்டுவிட்டு வருகிறவளிடம் இப்படி எரிந்துவிழுகிறோமே என்று உள்ளே வலிக்கும். ஆனாலும் வாயில் அதுதான் வரும்.

பக்கத்துக் கட்டிலில் பண்டா என்று ஹாலிஎலக்காரர் ஒருவர், காலில் ஆறாத புண்ணோடு கிடந்தார். முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டுக் கட்டிலைத் தள்ளிப்போடச் சொன்னவர் அவர். விரிப்பிலிருந்து முதுகைப் பிய்த்தெடுக்கும்போது நான் முனகுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார் போலிருக்கிறது. ஒருநாள் அவர் மனைவி தங்கள் வீட்டுத் தோட்டத்துக் குருத்து வாழையிலையை ஒரு கட்டாக வெட்டிக்கொண்டு வந்து செல்லம்மாவிடம் கொடுத்தாள். செல்லம்மா அதை ஆஸ்பத்திரிக் குசினி அனலில் வாட்டி, எண்ணெய் தடவி, கட்டிலில் விரித்தாள். மிஸ்ஸியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாழையிலையில் தோல் ஒட்டாது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்று மத்தியானம் அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன். அதற்குப் பிறகு இலை வராத நாள் இல்லை. பண்டாவுக்கும் எனக்கும் பேச்சு பாதிதான் விளங்கும். மீதி நேரம் நான் நடப்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

கொழும்பிலிருந்து முடிவு வந்தது. நோயின் பெயர் பெம்பிகஸ் என்றார் டொக்டர். நான் விழிப்பதைப் பார்த்துக் கட்டில் பக்கத்தில் நின்று விளக்கினார்.

"தோலை ஒரு கல்லுச் சுவர் எண்டு நினையுங்கோ. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலை சாந்து இருக்கெல்லோ? உங்கடை உடம்பே, ஆரோ எதிரி எண்டு நினைச்சு, அந்தச் சாந்தைக் கரைக்குது. கல்லு கழண்டு போகுது. இடைவெளியிலை தண்ணி நிக்குது. அதுதான் கொப்புளம்."

"ஒடம்பே செய்யுதா?"

"ஓம். அதாலை இது ஒருத்தருக்கும் தொத்தாது. தொட்டாலும் தொத்தாது, ஒண்டாச் சாப்பிட்டாலும் தொத்தாது. ஆனால் விட்டால் ஆளையே கொண்டுபோடும். குளிசை தருவம். அதை நாங்கள் சொல்லாமல் நிப்பாட்டக் கூடாது. விளங்கினதோ?"

ஆளைக் கொண்டுபோகும் என்றதைவிட, தொத்தாது என்ற சொல்தான் என் காதில் நின்றது. ஏனென்றால் லயத்தில் என்ன நடக்கிறது என்று செல்லம்மா சொல்லாமல் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். பீலியில் எங்கள் வாளி போய்வந்த பிறகு மற்றவர்கள் சாம்பல் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தண்ணீர் பிடித்தார்களாம். எங்கள் காம்பராவுக்குள் வந்து யாரும் வாய் நனைக்கவில்லை. சாந்தியோடு கொழுந்துக்குப் போகிற பிள்ளைகள் இரண்டு நிரை தள்ளி நின்று எடுத்தார்கள். கல்யாணம் தையிலிருந்து வைகாசிக்குத் தள்ளிப்போனது. தள்ளிப்போனதா, நின்றேபோனதா என்று எனக்கு விளங்கவில்லை. "அவ சாப்பிடுறாளா?" என்று கேட்டால் செல்லம்மா பேச்சை மாற்றுவாள்.

குளிசை வேலை செய்தது. பிரெட்னிசொலோன் என்று பெயர். தன் வீட்டையே இடிக்கிற உடம்பைப் பிடித்துக் கட்டிப்போடுகிற மருந்து. புதுக் கொப்புளம் குறைந்தது. ஆனால் அந்தக் குளிசை லேசுப்பட்டதில்லை. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. பசி என்றால் அப்படியொரு பசி. தூக்கம் போய்விட்டது. ஏற்கெனவே கால் நிற்காதவனுக்கு இன்னும் சாவி கொடுத்துவிட்ட மாதிரி ஆனது. கண்ணாடியில் என்னை எனக்கே அடையாளம் தெரியாமல் ஒருநாள் அழுதேன். பண்டா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இடையில் ஆஸ்பத்திரியில் அந்தக் குளிசை முடிந்து, வெளியே வாங்கச் சொன்னார்கள். செல்லம்மா யாரிடம் சொன்னாளோ, மறுநாள் ரவி வந்து நின்றான். சட்டையெல்லாம் லீக்ஸ் வாசனை. கையில் மூன்று குளிசை அட்டை. ஆஸ்பத்திரியில் கடதாசிப் பையில் உதிரியாகத் தருவார்கள். இது வெள்ளி அட்டையில் ஒவ்வொன்றும் ஒரு கொப்புளத்துக்குள் உட்கார்ந்திருந்தது. பெருவிரலால் அமுக்கினால் பட்டென்று உடைந்து வெளியே வந்தது. கொப்புளத்துக்கு மருந்தும் கொப்புளத்துக்குள்தான் வருது பார் என்றேன். அவன் சிரிக்கவில்லை. கட்டில் கால்மாட்டிலேயே நின்றான்.

"மாமா, அம்மா ஒன்னு சொல்லச் சொன்னாங்க."

"சொல்லு."

"கல்யாணத்த நடத்திருவோமாம். ஆனா தார வாக்குறப்ப... ஒங்க தம்பி கையப் புடிச்சுக் குடுத்தாப் போதுமாம். நீங்க மணவற பக்கம் வரவேணாமாம்."

எங்கள் வழக்கத்தில் பெண்ணைப் பெற்றவன் மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்கவேண்டும். பெற்றவள் அந்த மூன்று கைமேலும் தண்ணீர் ஊற்றவேண்டும். அதுதான் கொடுத்ததற்கு அர்த்தம். சாந்தி பிறந்த அன்று இந்தக் கையில்தான் முதலில் வாங்கினேன். என்னை வரவேண்டாம் என்கிறார்கள். எழுந்து கத்தவேண்டும் போலிருந்தது. வாய்ப்புண் ஆறாத வாயால் என்ன கத்துவது? கத்தினால் பிள்ளை வாழ்க்கை போய்விடும். ஊரெல்லாம் ஒதுங்கி நிற்கிற வீட்டிலிருந்து இனி யார் வந்து பெண் எடுப்பார்கள்?

"சரின்னு சொல்லு" என்றேன்.

அவன் போகவில்லை. தரையைப் பார்த்தபடி, "மாமா, நெசமாவே தொத்தாதா?" என்று கேட்டான்.

"என்னைய ஏன் கேக்குற? அந்தா டொக்டர் நிக்கிறாங்க, போயி கேளு."

போனான். வராந்தாவில் டொக்டரோடு பேசிக்கொண்டு நிற்பதைக் கதவு வழியாகப் பார்த்தேன். திரும்பி வந்து சொல்வான் என்று காத்திருந்தேன். வரவில்லை. லொறிக்கு நேரமாகியிருக்கும் என்றாள் செல்லம்மா. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று வார்டை எத்தனை தடவை சுற்றினேன் என்று மிஸ்ஸிமாரைத்தான் கேட்கவேண்டும்.

பங்குனியில் வீட்டுக்கு விட்டார்கள். பண்டா கட்டிலிலிருந்தே கையைத் தூக்கிக் கும்பிட்டார். வீட்டுக்கு வந்தும் குளிசையை நிறுத்தவில்லை. கையில் புதுத் தோல் வந்திருந்தது. இளஞ்சிவப்பாக, வெங்காயச் சருகு மாதிரி. கழுவுவதற்குத் துணியை நனைத்து ஒற்றிக்கொள்வேனே தவிர, தண்ணீருக்கு நேராகக் கையை நீட்டமாட்டேன். பீலிப் பக்கமே போவதில்லை.

வைகாசியில், எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். சனம் வந்தது. என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தது என்றுதான் சொல்லவேண்டும். என்னை முழுக்கைச் சட்டை போட்டுத் தூணோரமாக ஒரு கதிரையில் உட்காரவைத்தார்கள். முகம் இன்னும் வீக்கம். சாந்தி மணவறையிலிருந்து என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரியும். நான் நாலு தடவை எழுந்து உட்கார்ந்தேன்.

"பொண்ணப் பெத்தவுங்க வாங்க" என்றார் பூசாரி.

செல்லம்மா செம்பை எடுத்தாள். என் தம்பி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனான். சாந்தியின் கையைப் பிடித்து ரவியிடம் நீட்டினான். ரவி கையை நீட்டவில்லை.

"மாமா வரட்டும்" என்றான்.

சாந்தியின் கையை விடாமல் என் தம்பி பூசாரியைப் பார்த்தான்.

"டேய், என்னாடா பேசி வச்சிருக்கோம்?" என்றார் அவன் அம்மா.

"டொக்டர்கிட்ட நானே கேட்டுட்டேம்மா. தொத்தாது. மாமா வந்தாத்தான்."

அதிகம் பேசாத பையன் அவ்வளவு சனத்துக்கு முன்னால் பேசியது அவ்வளவுதான். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். என் தம்பி திரும்பி என்னைப் பார்த்து, "வாண்ணே" என்றான்.

எழுந்தேன். இந்தப் புதுத் தோலில் தண்ணீர் பட்டு, அன்று பீலியில் வழிந்த மாதிரி இத்தனை பேருக்கு முன்னால் வழிந்தால்? பிள்ளை கையிலேயே ஒட்டிக்கொண்டால்? யார் என்ன சொன்னாலும் அப்புறம் நம்புவார்களா? மணவறைக்குப் போய் உட்கார்ந்தேன். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். சாந்தியின் கையை எடுத்து ரவியின் கையில் வைத்தேன். அவன் என் கையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தான். லொறியில் மூட்டை பிடிக்கிற பிடி. தோல் கழன்றுவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கழலவில்லை.

செல்லம்மா செம்பைச் சரித்தாள். தண்ணீர் விழுந்தது.

அவள் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எரியுதா?" என்றாள்.

"குளிருது" என்றேன்.

அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். "போதும்மா, போதும்" என்றார் பூசாரி. செம்பு காலியாகும்வரை அவள் நிறுத்தவில்லை.